லேபில் ஒரு பழுது வேண்டும்!



நம் லேபில் எல்லாமே வேலை செய்கிறது. என்னுடைய குறையே அதுதான். மானுவலில் சர்க்யூட் இருக்கிறது. அதைப் பார்த்து வயரைச் செருகுகிறோம், ரீடிங் எடுக்கிறோம், ரெக்கார்ட் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். ஒரு கிட் வேலை செய்யவில்லை என்றால் உடனே அதை பீரோவில் வைத்துவிட்டு வேறு கிட் தருகிறார்கள். எதை வைத்து நாம் தொழில் கற்க வேண்டுமோ அது பீரோவுக்குள் போய்விடுகிறது! நாளைக்கு சர்வீஸ் வேலைக்குப் போனால் நம் கையில் ஓடுகிற மெஷினையா தரப்போகிறார்கள்? ஓடாததைத்தானே தருவார்கள்?

இதை நான் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. பழுது பார்ப்பது என்றால் என்ன என்று எனக்குக் காட்டியது எங்கள் வீட்டு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரும், அதில் ஏற்றிய ஒரு சிந்தசைசர் பிளகினும்தான்.

பிளகினா, அது என்ன என்று கேட்கும் சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. கீபோர்டு வாத்தியத்துக்குள் சத்தத்தை உண்டாக்கும் எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறதல்லவா, அந்த வேலையை முழுக்க முழுக்கக் கணக்காகவே போட்டு முடிக்கிற மென்பொருள் இது. பெரும்பாலும் 'ஹோஸ்ட்' என்ற இன்னொரு மென்பொருளுக்குள் செருகித்தான் ஓட்டுவார்கள். ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-ல் கொண்டுவந்த வி.எஸ்.டி. முறைதான் இதற்குப் பாதை போட்டது. 1999-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் வாத்தியங்களையும் செருக முடிந்தது. 1983-ல் யமஹா வெளியிட்ட டி.எக்ஸ்.7 கீபோர்டின் சத்தமெல்லாம் இன்று 'டெக்ஸெட்' என்ற இலவச பிளகினில் கிடைக்கிறது. காசு கொடுத்து விற்றுக்கொண்டிருந்த 'சர்ஜ்' 2018-ல் மூல நிரலோடு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. எனவே கிராக் போட்ட சரக்கைத் தேடி ஓட வேண்டிய அவசியமே இல்லை. அதில் ஒரு கோளாறு வந்தால் அது செய்தவன் கோளாறா, உடைத்தவன் கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இன்னிசைக் குழுவில் வாசிக்கிறார். ஆடி மாதத் திருவிழாக்கள்தான் அவருக்கு வருமானம். அவருடைய பழைய கீபோர்டில் சத்தம் செத்துப்போய், கட்டைகள் மட்டும் உயிரோடு இருந்தன. யு.எஸ்.பி. கேபிள் வழியாக எந்தக் கட்டை அழுந்தியது என்ற மிடி செய்தி வெளியே வந்துகொண்டுதான் இருந்தது. கம்ப்யூட்டரில் சத்தம் கொடுத்தால் மேடைக்கு என் சி.பி.யு.வையே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று திட்டம். சத்தம் வந்தது. ஆனால் கூடவே எண்ணெயில் கடுகு வெடிப்பது மாதிரி 'பட் பட்' என்று ஒரு சத்தமும் வந்தது.

கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவரைக் கேட்டோம். "ரேம் கம்மி தம்பி. இன்னொண்ணு போட்டு, விண்டோஸை ஃபார்மட் பண்ணிடலாம்" என்றார். கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை! இந்த ஃபார்மட் வைத்தியம் நம் ஊரில் ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது என்றால் மிகையாகாது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் சில சமயம் பழுது போகலாம். ஏன் வந்தது என்ற தடயமும் சேர்ந்தே போய்விடும். அடுத்த முறை வந்தால் மறுபடியும் ஃபார்மட், மறுபடியும் காசு.

நாங்கள் வேறு வழியில் போனோம். கட்டை, கேபிள், ஹோஸ்ட், பிளகின், டிரைவர், சவுண்டு கார்டு, ஸ்பீக்கர் என்று சத்தம் போகும் வழியை ஒரு தாளில் வரைந்தோம். ஆம்ப்ளிஃபயர் பாடத்தில் சிக்னல் டிரேஸிங் என்று படிக்கிறோமே, அதேதான். முதலில் பதிவு செய்த ஒரு பாட்டை அதே ஹோஸ்டில் ஓட்டிப் பார்த்தோம். சுத்தமாக வந்தது. டிரைவர், கார்டு, ஸ்பீக்கர் மூன்றின் மேலும் இருந்த சந்தேகம் போயிற்று. அடுத்து பிளகினை எடுத்துவிட்டு அதே இடத்தில் டெக்ஸெட்டைச் செருகி வாசித்தோம். அதுவும் சுத்தம். கட்டையும் கேபிளும் தப்பித்தன. மீதி இருந்தது அந்த பிளகின் மட்டுமே. அதிலும் பேஸ் சத்தம் ஒழுங்காக வந்தது. 'பேட்' என்கிறார்களே, பஞ்சு மாதிரி விரிந்து நிற்கிற சத்தம், அதில்தான் கடுகு வெடித்தது. அதுவும் கட்டையை அழுத்திப் பிடித்திருக்கும்போது இல்லை, ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு மாறும்போது மட்டும்!

இந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் சி.பி.யு. 30 சதவீதம்தான் ஓடுகிறது. மீதி 70 சும்மா கிடக்க ஏன் திணற வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வந்தது. சத்தம் என்பது ஒரு வினாடிக்கு 44,100 எண்கள். அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி அனுப்புவார்கள். ஒரு கட்டுக்கு 256 எண் என்று வைத்தால், அதைச் செய்து முடிக்க இருக்கும் நேரம் சுமார் 5.8 மில்லி செகண்ட். தாமதமானால் அந்த இடத்தில் ஓட்டை விழும். காதுக்கு அது 'பட்' என்று கேட்கும். டாஸ்க் மேனேஜர் காட்டுவது எல்லாக் கோர்களுக்கும் சேர்த்த சராசரி. நான்கு கோர் இருந்து அதில் ஒன்று மட்டும் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தத்தில் 25 சதவீதம் என்றுதான் காட்டும்! எங்கள் பிளகின் ஒரே கோரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த பேட் சத்தத்தில் ஒரு கட்டைக்கு 7 ஆசிலேட்டர். நான்கு கட்டை என்றால் 28. விரலை எடுத்த பிறகும் சத்தம் மெல்ல மெல்லத் தேய்வதற்கு மூன்று வினாடிக்கு மேல் வைத்திருந்தார்கள். பழைய கார்டு சாவதற்குள் புது கார்டு வந்துவிட, 28 என்பது 56 ஆகிறது. கார்டு மாறும்போது மட்டும் ஏன் வெடித்தது என்று புரிகிறதா நண்பர்களே?

கட்டு அளவை 1,024 ஆக்கிப் பார்த்தோம். வெடிப்பு நின்றது, ஆனால் ஒரு கட்டுக்கு 23 மில்லி செகண்ட் ஆயிற்று. "தம்பி, விரல் முன்னாடி போவுது, சத்தம் பின்னாடி ஓடி வருது" என்றார் அண்ணன். வாசிக்கிறவர் காதுக்கு முன் நம் கணக்கு நிற்குமா? திரும்ப 256-க்கே வந்து, ஆசிலேட்டரை 7-லிருந்து 3 ஆக்கி, தேயும் நேரத்தையும் குறைத்தோம். கார்டு மாறும்போதும் 24-ஐத் தாண்டவில்லை. கடுகு அடங்கியது. ரேம் வாங்கவில்லை, ஃபார்மட்டும் இல்லை. இரண்டு சாயங்காலம் ஆனது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் டிப்ளமோ என்ற வார்த்தையே என்னோடுதான் நுழைந்தது. அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார். "தெரிஞ்சவங்க யாரையாவது கேளு" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். தெரிந்தவர் இருக்கிற வீட்டுப் பையனுக்கு அது சரி. யாரும் இல்லாத வீட்டிலிருந்து வருகிற என்னைப் போன்றவர்களுக்கு வழியை வரைந்து, பாதியில் வெட்டி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிற இந்த முறையை வகுப்பில்தானே சொல்லித்தர வேண்டும்? சர்க்யூட்டை மனப்பாடம் செய்து வைவாவில் ஒப்பிக்கிறவனுக்கு முழு மார்க், வராத அலையைத் தேடிப் பிடிக்கிறவனுக்கு மார்க்கே இல்லை என்பது என்ன நியாயம்?

போர்ஷன் முடிக்கவே நேரமில்லை, பொருளும் பாழாகும் என்று ஆசிரியப் பெருமக்கள் சொல்வார்கள். நேரம் குறைவு என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிளகின் பழுதில் ஐ.சி. கருகாது, ஃபியூஸ் போகாது. ஒரு அமைப்பை மாற்றி வைத்தால் பழுது தயார். திரும்ப வைத்தால் சரி. இதைவிட மலிவான லேப் எங்கே கிடைக்கும்?

ஆகவே நம் சங்கம் துறைத் தலைவரிடம் ஒரு கோரிக்கை வைக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு பிராக்டிகல் வகுப்பு போதும், வேண்டுமென்றே பழுது வைத்துத் தர வேண்டும். சரி செய்தானா என்பதற்குப் பாதி மார்க். எதை, ஏன், எந்த வரிசையில் சோதித்தான் என்று நோட்டில் எழுதியதற்கு மீதிப் பாதி. முதல் வகுப்புக்கு என் சி.பி.யு.வையே கொண்டுவந்து தருகிறேன். மூன்றாம் ஆண்டு அண்ணன்களும் அக்காக்களும் அதில் என்ன பழுது வேண்டுமானாலும் வைக்கட்டும். ஆடி மாதம் மட்டும் வேண்டாம், அந்த மாதம் அது மேடையில் இருக்கும்.