‘கிறீச்’ என்றொரு பாட்டு!



இந்த வாரம் உங்களுக்கு முதலில் ஒரு சின்ன வேலை. வீட்டில் இருக்கும் ஒரு சீப்பை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் பற்களின் மேல் விரல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ‘டர்ர்ர்’ என்று தடித்த சத்தம் வருகிறதா? இப்போது அதையே வேகமாக இழுங்கள். ‘கிர்ர்’ என்று சத்தம் மெலிந்து, உச்சத்துக்குப் போகும். இனி நகத்தை முன்னும் பின்னுமாக, தாளம் போடுவது போல ஓட்டுங்கள். டிர்ர்-டக், டிர்ர்-டக்... அட, கேட்க நன்றாக இருக்கிறதே!

உலகம் முழுவதும் டி.ஜே.க்கள் மேடையில் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி, ‘விக்கி... விக்கி...’ என்று ஒலி எழுப்புவதைத் திரைப்படத்திலோ, தொலைக்காட்சியிலோ பார்த்திருப்பீர்கள். அதற்கு ‘ஸ்கிராட்ச்’ என்று பெயர். அந்த வித்தையின் அடிப்படையைத்தான் இப்போது சீப்பில் செய்து பார்த்தீர்கள்.

‘இதெல்லாம் ஒரு கலையா? வெறும் இரைச்சல்!’ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அந்த இரைச்சலைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? உங்கள் வயதில் இருந்த ஒரு சிறுவன்!

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. 1970-களில் அங்கே வாழ்க்கை மிகவும் கடினமாக இருந்தது. வேலை இல்லாதவர்கள் ஏராளம். எத்தனையோ கட்டடங்கள் தீக்கு இரையாகி, இடிந்து கிடந்தன. 1975-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநகராட்சியே திவாலாகும் நிலைக்குப் போய்விட்டது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பள்ளிகளில் பாட்டு வகுப்புகளும் குறைந்து போயின. வயலின், டிரம்பெட் எல்லாம் வாங்க அந்தப் பிள்ளைகளின் வீட்டில் பணம் ஏது? ஆனால், பல வீடுகளில் ரிக்கார்டு பிளேயர் இருந்தது. அப்பா, அம்மா வாங்கி வைத்த இசைத்தட்டுகள் இருந்தன. அந்தப் பிள்ளைகள் அதையே தங்கள் வாத்தியமாக்கிக் கொண்டார்கள்!

1973 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, சிண்டி கேம்பல் என்ற பள்ளி மாணவி ஒரு விருந்து வைத்தாள். எதற்குத் தெரியுமா? பள்ளி திறக்கப் போகிறது. புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும்! செட்ஜ்விக் அவென்யூவில், 1520-ஆம் எண் குடியிருப்பின் பொது அறையில் விருந்து நடந்தது. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். பாட்டுப் போட்டவர் சிண்டியின் அண்ணன் கிளைவ். ஜமைக்கா நாட்டிலிருந்து வந்த குடும்பம் அது. ‘கூல் ஹெர்க்’ என்பது அவரது மேடைப் பெயர்.

பாட்டில் பாடல் வரிகள் நின்று, வெறும் தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் உற்சாகமாக ஆடுகிறது என்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை இரண்டு பிளேயர்களில் வைத்து, ஒன்றில் தாளம் முடிந்ததும் மற்றொன்றில் அதே தாளத்தைத் தொடங்கினார். சில நொடித் தாளம் பல நிமிடங்களுக்கு நீண்டது! இன்று உலகெங்கும் ‘ஹிப் ஹாப்’ என்று அழைக்கப்படும் கலையின் பிறந்த நாளாக, அந்த விருந்து நடந்த நாளையே கொண்டாடுகிறார்கள்.

அடுத்து வந்தவர், ‘கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ்’ என்ற ஜோசப் சாட்லர். தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்த இளைஞர். பிளேயரில் இருந்த ரப்பர் விரிப்பு தட்டை இறுகப் பிடித்துக் கொண்டது. கையால் தட்டை நிறுத்தினால் இயந்திரமும் திணறியது. அவருடைய அம்மா தையல் வேலை செய்பவர். அதனால், துணி வகைகளைப் பற்றி மகனுக்கும் கொஞ்சம் தெரியும். வழுவழுப்பான ஒரு துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து தட்டுக்கு அடியில் வைத்தார். இப்போது கீழே இயந்திரம் சுற்றிக் கொண்டே இருக்க, மேலே தட்டை மட்டும் கையால் நிறுத்த முடிந்தது! இன்று ‘ஸ்லிப்மேட்’ என்று கடையில் விற்கிறார்களே, அது இப்படிப்பட்ட வேலைகளில் இருந்து வந்ததுதான். தாளம் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, தட்டின் மேலேயே கிரேயானால் கோடு போட்டு வைத்தார் ஃபிளாஷ்.

இனிதான் நம் சிறுவன் வருகிறான். அவன் பெயர் தியோடர் லிவிங்ஸ்டன். அவனுடைய அண்ணன், ஃபிளாஷுடன் சேர்ந்து பாட்டுப் போட்டு வந்தவர். அவர்களைப் பார்த்துப் பார்த்தே தியோடரும் கற்றுக் கொண்டான். 1975-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு நாள், பள்ளி விட்டு வந்தவன் அறைக்குள் சத்தமாகப் பாட்டுப் போட்டான். அம்மா வந்து கதவைத் தட்டி, ‘சத்தத்தைக் குறைக்கிறாயா, இல்லையா?’ என்று கண்டித்தார். (எல்லா ஊர் அம்மாக்களும் ஒன்றுதான்!) அம்மா பேசி முடிக்கும் வரை, சுற்றும் தட்டைக் கையால் அமுக்கிப் பிடித்திருந்தான் தியோடர். கை சும்மா இருக்குமா? தட்டை லேசாக முன்னும் பின்னும் அசைத்தது. ஹெட்ஃபோனில் ஒரு விசித்திரமான ஒலி கேட்டது.

அந்த ஒலியை அதற்கு முன் எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். பாட்டைத் தேடும் போது வரும் வேண்டாத சத்தம் என்று விட்டு விட்டார்கள். தியோடர் விடவில்லை. ‘இதைத் தாளத்தோடு செய்தால் எப்படி இருக்கும்?’ என்று யோசித்தான். உடனே மேடைக்கு ஓடினானா? இல்லை. பல மாதங்கள் வீட்டிலேயே பயிற்சி செய்தான். வேறு வேறு தட்டுகளில் செய்து பார்த்தான். கை பழகிய பிறகுதான் கூட்டத்தின் முன் செய்து காட்டினான். பிற்காலத்தில் உலகம் அவரை, ‘கிராண்ட் விஸார்ட் தியோடர்’ என்று அழைத்தது.

செல்லங்களே, இதில் அறிவியலும் இருக்கிறது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை கோடுகள் இருக்கும் என்று நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். ‘நூறு’, ‘ஆயிரம்’ என்பார்கள். உண்மையில், வெளி ஓரத்தில் தொடங்கி நடுவரை சுருள் சுருளாகப் போகும் ஒரே ஒரு பள்ளம்தான்! அந்தப் பள்ளத்தின் சுவர்களில் கண்ணுக்குத் தெரியாத நெளிவுகள் உண்டு. ஊசி அவற்றில் ஓடும்போது அதிர்கிறது. அதிர்வு மின்சாரமாக மாறுகிறது. ஒலிபெருக்கி அதைப் பாட்டாக்குகிறது. பெரிய தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. கையால் வேகமாகத் தள்ளினால் நெளிவுகள் வேகமாகக் கடக்கும். ஒலி உச்சத்துக்குப் போகும். பின்னால் இழுத்தால் பாட்டு தலைகீழாக வரும். சீப்புக் கணக்குதான்!

இதற்கு எல்லா பிளேயரும் ஒத்து வராது. ரப்பர் பட்டையால் சுற்றும் பிளேயரில் கை வைத்தால் பட்டை வழுக்கும், வேகம் குறையும். மோட்டாரே நேரடியாகச் சுற்றும் பிளேயர்தான் டி.ஜே.க்களுக்கு ஏற்றது. ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனம் 1972-ல் அறிமுகம் செய்த எஸ்.எல்.1200 அப்படிப்பட்டது. வீட்டில் அமைதியாக அமர்ந்து பாட்டுக் கேட்பவர்களுக்காகத்தான் அதைச் செய்தார்கள். அதை டி.ஜே.க்கள் வாத்தியமாக்கி விட்டார்கள்! 2010-ல் அதன் தயாரிப்பு நின்றது. ஆனாலும், ரசிகர்கள் விடவில்லை. 2016-ல் மீண்டும் வந்து விட்டது.

சரி, புதிதாகக் கற்பவர் எங்கே தொடங்குவது?

முதல் பாடத்தின் பெயரே, ‘பேபி ஸ்கிராட்ச்’. குழந்தைப் பாடம்! ஒரு கை தட்டின் மேல். ஒலி தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அடையாளத்துக்கு நடு லேபிளில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக் கொள்ள வேண்டும். பிறகு முன்னே, பின்னே, முன்னே, பின்னே. அவ்வளவுதான். ஆனால், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற எண்ணிக்கை தவறக் கூடாது. ஊசி துள்ளக் கூடாது. தட்டை அமுக்கக் கூடாது. தடவுவது போல, லேசாகத் தொட வேண்டும்.

இரண்டாவது பாடத்தில் மற்றொரு கைக்கும் வேலை வரும். இரண்டு பிளேயர்களுக்கு நடுவே இருக்கும் மிக்ஸரில், ‘கிராஸ்ஃபேடர்’ என்று ஒரு சின்ன நகர்த்தி உண்டு. குழாயைத் திறந்து மூடுவது போல, ஒலியைத் திறக்கவும் மூடவும் அது உதவும். தட்டை முன்னே தள்ளும் போது திறந்து, பின்னே இழுக்கும் போது மூடினால், முன்னே போகும் ஒலி மட்டும் கேட்கும். இது ‘ஃபார்வர்டு ஸ்கிராட்ச்’.

இதற்கு மேல் வரும் பாடங்களின் பெயர்களே வேடிக்கையாக இருக்கும். ‘சர்ப்’ என்றால் குருவி கத்துவது போன்ற ஒலி. ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்றால் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டுவது. கார்ட்டூன் ரோபோக்களின் சத்தம் போல இருப்பதால் அந்தப் பெயர். ‘கிராப்’ என்றால் நண்டு! நான்கு விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்தியைத் தட்டும் போது, நண்டு நடப்பது போலவே இருக்கும்.

ஆனால், ஆசைப்பட்டு நேரே நண்டுக்குத் தாவினால் கை பின்னிக் கொள்ளும். பாட்டு வகுப்பில் சரளி வரிசையை முதல் காலத்தில் பாடிப் பழகாமல், மூன்றாம் காலத்துக்குப் போக முடியுமா? அதே கதைதான். தினமும் பதினைந்து நிமிடம், மெதுவான தாளத்தோடு ஒரே பாடத்தைச் செய்வது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் செய்வதை விட நல்லது. அதைப் பதிவு செய்து, மறுநாள் கேட்டுப் பார்த்தால் தாளம் எங்கே சறுக்குகிறது என்று நம் காதே சொல்லி விடும். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு இடக்கை முரண்டு பிடிக்கும். முதல் சில வாரங்கள் எலி பெட்டியைச் சுரண்டுவது போலத்தான் கேட்கும். பலர் கைவிடுவது அந்த வாரங்களில்தான். தொடர்ந்தவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள்.

அப்படித் தாண்டியவர்களில் உங்கள் வயதினரும் உண்டு. கனடாவின் ஏ-டிராக், 1997-ல் டி.எம்.சி. உலக டி.ஜே. போட்டியில் வென்ற போது அவருக்கு வயது 15. ஜப்பானின் டி.ஜே. ரெனா 2017-ல் அதே போட்டியில் வென்ற போது வயது 12 தான்! ‘இது பையன்களின் விளையாட்டு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தங்கைகளே. ‘ஸ்பின்டரெல்லா’ என்ற டி.ஜே., பள்ளியில் படிக்கும் போதே 1987-ல், ‘சால்ட்-என்-பெப்பா’ என்ற புகழ்பெற்ற பெண்கள் குழுவில் சேர்ந்தவர். அந்த முதல் விருந்தை ஏற்பாடு செய்தவளும் ஒரு தங்கைதானே!

இப்போது சில எச்சரிக்கைகள். தாத்தா வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டுகள் கிடைத்தால், அவற்றின் மேல் இந்த வித்தையைக் காட்டாதீர்கள்! ஒரே இடத்தில் ஊசி திரும்பத் திரும்ப ஓடினால் பள்ளம் தேய்ந்து, அந்த இடத்தில் ‘கரகர’ என்று கேட்கும். தாத்தாவுக்கு அது வெறும் தட்டு அல்ல. அவருடைய இளமைக் காலம். எதைத் தொடும் முன்பும் கேட்டு விட்டுத் தொடுங்கள். இரண்டாவது, காது. உட்செவியில் இருக்கும் நுண்ணிய மயிரணுக்கள் அதிக ஒலியால் அழிந்தால், திரும்ப முளைக்காது. ஹெட்ஃபோனில் ஒலி குறைவாகவே இருக்கட்டும். மூன்றாவது, பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் அக்காவும், உடல்நலமில்லாத பாட்டியும் இருக்கலாம். தியோடரின் அம்மா கதவைத் தட்டியது அதற்காகவும்தான்.

‘எங்கள் வீட்டில் இந்தக் கருவியெல்லாம் இல்லையே?’ என்று கேட்பீர்கள். இருக்க வேண்டும் என்று நாங்களும் சொல்லவில்லை. விலை அதிகம், அப்பாவிடம் அடம் பிடிக்காதீர்கள். பிராங்க்ஸ் பிள்ளைகளிடம் இருந்ததை எண்ணிப் பாருங்கள். கையில் இருந்த ஒரு பொருள். கூர்ந்து கேட்கும் காது. அலுக்காத பயிற்சி. பொருள் எதுவாகவும் இருக்கலாம். மற்ற இரண்டையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கற்றுக் கொடுக்க வேண்டிய பள்ளியே கைவிரித்த போதும், அவர்கள் கற்பதை நிறுத்தவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார்கள். ஆளுக்கு ஒரு படி சேர்த்தார்கள். ஹெர்க் இல்லாமல் ஃபிளாஷ் இல்லை. ஃபிளாஷ் இல்லாமல் தியோடர் இல்லை.

பெரியவர்களுக்கும் இதைப் படிக்கக் கொடுங்கள். பிள்ளை எதையோ தட்டிக் கொண்டே இருந்தால், ‘நிறுத்து!’ என்று சொல்லும் முன் ஒரு நிமிடம் கேட்கலாம். அதில் ஒரு தாளம் இருந்தாலும் இருக்கும். ஒரு நிமிடத்துக்குப் பிறகும் தலைவலித்தால், தாராளமாக நிறுத்தச் சொல்லலாம்!

இந்த வாரம் உங்களைச் சுற்றி இருக்கும் சத்தங்களைக் கவனியுங்கள். மிக்ஸி, தையல் மெஷின், சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி... எதில் தாளம் ஒளிந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். வீட்டுப்பாடம் முடித்த பிறகு, சரியா? சீப்பை மட்டும் மறக்காமல் எடுத்த இடத்தில் வைத்து விடுங்கள். காலையில் அம்மா தேடுவார்!

அடுத்த வாரம் சந்திப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்