சந்தையைப் புதுப்பிக்கிறார்கள், யாரைக் கேட்டார்கள்?

சந்தைகளைப் புதுப்பிப்பது நல்ல காரியம்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இடவப்பாதி மழையில் கணுக்கால் அளவு சேற்றில் நின்று மீன் வாங்கியவர் எவரும் பழைய சந்தையே போதும் என்று வாதாட மாட்டார். கூரை வேண்டும், தண்ணீர்க் குழாய் வேண்டும், கழிவுநீர் ஓட வழி வேண்டும், விற்க வரும் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். ஆனால் ஒவ்வொரு திட்டத்தின் தொடக்கத்திலும் "பொதுமக்களின் கருத்தைக் கேட்டறிந்தோம்" என்று ஒரு வாக்கியம் வருகிறதே, அந்தப் பொதுமக்கள் யார் என்பது பற்றி நம் இதழ் வாயிலாகச் சில செய்திகளை அன்பர்களின் பார்வைக்கு வைக்க விரும்புகிறேன்.

நான் குடியிருப்பது காஞ்சிரங்குளத்தில். நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த ஊர். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நேசமணி அவர்களின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்தும், நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அந்தக் கதை நம் மூத்த உறுப்பினர்களுக்குத் தெரியும், இங்கு விரிக்கவில்லை. எல்லைக்கோடு போட்டார்களே தவிர, சந்தை அதை ஒருநாளும் மதித்ததில்லை. களியக்காவிளையிலிருந்து வாழைக்குலையும் காய்கறியும் பாறசாலைக்கு வரும். இங்கிருந்து மரச்சீனியும் மீனும் அங்கே போகும். 2020இல் கொரோனா காலத்தில் இஞ்சிவிளையில் எல்லையை அடைத்தார்கள் அல்லவா, அன்றுதான் யார் யாருக்குச் சோறு போடுகிறார்கள் என்று இரண்டு பக்கத்து அதிகாரிகளுக்கும் தெரிந்தது.

கேரளத்தில் உள்ளூர்க் காரியங்களுக்கு மக்களைக் கேட்கும் முறை நன்றாகவே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1994ஆம் ஆண்டின் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஒவ்வொரு வார்டிலும் கிராமசபை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்திருக்க வேண்டும். 1996 ஆகஸ்டு 17ஆம் நாள் மக்கள் திட்டம் தொடங்கியபின் இந்தச் சபைகளுக்குப் பணமும் அதிகாரமும் வந்தன. நம் சொந்த ஊர்களிலிருந்து வரும் உறவினர்கள் இதைக் கேட்டு வியப்பது உண்டு. குறை எங்கே என்றால், கிராமசபையில் உறுப்பினர் யார் என்ற இடத்தில்தான். அந்த வார்டின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் உறுப்பினர். பாதைக்கும் தெருவிளக்கிற்கும் இது சரி. சந்தைக்குச் சரியாகுமா?

எங்கள் பக்கத்துச் சந்தைகளில் காலையில் வந்து உட்காருகிறவர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். மீன் விற்கும் பெண்கள் பூவாறு, கருங்குளம், புல்லுவிளைக் கடற்கரைகளிலிருந்து வருகிறார்கள். கீரையும் காய்கறியும் விற்கிறவர்களில் பலர் எல்லைக்கு அப்பாலிருந்து விடியற்காலை வண்டி பிடித்து வருகிறவர்கள். கத்திக்குச் சாணை பிடிப்பவருக்கு ஒரு ஊர் என்றே கிடையாது. இவர்களுக்குச் சந்தை இருக்கும் வார்டில் வாக்கு இல்லை. வாக்கு உள்ளவர்களோ வாங்குகிறவர்கள், பக்கத்துக் கட்டட உரிமையாளர்கள், வாகனம் நிறுத்த இடம் தேடுகிறவர்கள். ஆக, சட்டம் கேட்கச் சொன்னபடி எல்லோரையும் கேட்டுவிட்டாலும், அந்தச் சந்தையால் பிழைக்கிறவரை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார். யாரும் வஞ்சகம் செய்ய வேண்டியதில்லை. விதிப்படி நடந்தாலே போதும், அவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

2014இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. நகர வணிகக் குழு ஒன்று அமைக்க வேண்டும். அதில் நூற்றுக்கு நாற்பது பேராவது தெருவோர வணிகர்களாகவே இருக்க வேண்டும். அவர்களிலும் மூன்றில் ஒருவர் பெண். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வணிகம் நடந்துவரும் இயல்பான சந்தைகளை மரபுச் சந்தையாக அறிவித்து, அங்குள்ள வணிகரை இடம் மாற்றாமல் விட வேண்டும் என்றும் அச்சட்டத்தின் இணைப்பில் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது நகராட்சி, மாநகராட்சி போன்ற நகர அமைப்புகளுக்கு எழுதப்பட்டது. நெய்யாற்றின்கரை நகராட்சி, ஆகவே அங்கே அது செல்லும். காஞ்சிரங்குளமும் பாறசாலையும் கிராமப் பஞ்சாயத்துகள். சில கிலோமீட்டர் தள்ளி ஒரே பெண் அதே சருவத்தை இறக்கி வைத்தால் அவளுக்குக் குழு இல்லை, பங்கு இல்லை, மரபும் இல்லை.

கேட்காமல் கட்டினால் என்ன கெட்டுவிடும் என்று நினைக்கிறவர்களுக்காகச் சந்தையின் உள்நடப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். காய்கறி வாங்கிப் பழகிய நம் வீட்டுப் பெண்மணிகள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள்.

வரைபடம் போடுகிற பொறியாளருக்குச் சந்தை என்றால் எண் போட்ட கடைகள். ஒரு எண், ஒரு பெயர், ஒரு பூட்டு. ஆனால் ஒரே இடத்தில் காலை பத்து மணிவரை ஒருத்தி கீரை விற்பாள்; அவள் எழுந்து போனபின் அந்தியில் இன்னொருத்தி அங்கே மீன் வைப்பாள். இருவருக்கும் இடையே எழுத்தில் இல்லாத உடன்பாடு அது. அந்த இடத்துக்கு ஒரு எண்ணைப் போட்டு ஒருவர் பெயரில் கொடுத்தால், மற்றவள் தெருவில் நிற்பாள். சந்தை "புதுப்பிக்கப்பட்ட" அன்றே ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைந்துவிட்டது என்பதை எந்தக் கணக்கும் காட்டாது, ஏனென்றால் பழைய கணக்கில் அவள் இருந்ததே இல்லை.

அடுத்தது மேடை. சிமென்ட் மேடையை இடுப்பளவு உயரத்தில், ஓடு பதித்து, அழகாகக் கட்டுகிறார்கள். மீன் விற்கிறவள் தரையில் அமர்ந்து, அரிவாள்மணையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்டிப் பழகியவள். அவளை நாள் முழுக்க நிற்க வைக்கும் மேடை யாருக்காக? ஆறு அங்குலம் குறைத்து, பின்னால் உட்காரத் திண்ணை ஒன்று வைத்தால் தீர்ந்தது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், அவளிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்றைக்கு அவள் உட்கார்ந்த நாளுக்குத் தரைவாடகை கொடுக்கிறாள். கடலில் மீன் இல்லாத நாளில் வரமாட்டாள், கொடுக்கவும் மாட்டாள். கட்டடம் வந்தபின் முன்பணம், மாத வாடகை, மின்கட்டணம். கடல் கொந்தளித்தாலும் மாதம் முதல் தேதி வந்துவிடும். சந்தை வசூலை ஏலத்துக்கு விட்டுவிட்டு, ஏலம் எடுத்தவர் கூடைக்கு இவ்வளவு என்று மனம்போனபடி பிடுங்கிய காலத்தில், நம் மாவட்டத்து மீன்காரப் பெண்கள் 1970களின் இறுதியிலிருந்து சங்கம் சேர்ந்து போராடினார்கள். பேருந்தில் ஏற்ற மறுத்ததற்கும் சேர்த்துத்தான் அந்தப் போராட்டம். அதன் நீண்ட தொடர்ச்சியாகவே 2021இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் "சமுத்திரா" என்ற பெயரில் மீன் விற்கும் பெண்களுக்கு இலவசப் பேருந்து விட்டதை நான் பார்க்கிறேன். கேட்டதால் கிடைத்தது, யாரும் தாமாக நினைத்துக் கொடுக்கவில்லை.

நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய கடைத்தெரு அது. தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள். இங்குள்ள நம்மில் எத்தனையோ குடும்பங்களின் முதல் சம்பளம் அந்தத் தெருவில் வாங்கியதுதான். 2018ஐ ஒட்டி அதை மரபுத் தெருவாக அழகுபடுத்தும் திட்டத்தைச் சுற்றுலாத் துறை கையில் எடுத்தது. மரபுத் தெரு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஆ. மாதவன் அவர்களின் நினைவுதான் வந்தது. சாலைத் தெருவிலேயே கடை வைத்துப் பிழைத்து, அங்கிருந்தே எழுதி, 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்று, 2021 ஜனவரியில் மறைந்தவர். அவருடைய கடைத்தெருக் கதைகளில் கடை முதலாளிகளைவிட அதிகமாக வருகிறவர்கள் யார்? சுமை தூக்குகிறவர்கள், எடுபிடி ஆட்கள், திண்ணையில் படுத்துறங்குகிறவர்கள். கல்தூணும் ஓட்டுக் கூரையும் போட்டால் தெருவுக்கு மரபு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் அந்தக் கதைகளில் இரண்டையாவது படித்துவிட்டு வரைபடத்தைத் தொடட்டும் என்பது என் ஆசை. (படிப்பார்களா என்பது வேறு.)

சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜார் நடைபாதை வணிகரை 2013இல் மாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். 2019இல் அந்த வீதியை நடப்போருக்கான அகன்ற நடைபாதையாக்கினார்கள். நடக்கச் சுகமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தலைக்குப் போடும் கிளிப்பையும் ரிப்பனையும் வழியில் கண்ணில் பட்டால் வாங்குவோமே தவிர, அதற்காக மாடி ஏறுவோமா?

கடல் கடந்தும் இதே கதைதான். லண்டனில் ஈழத் தமிழர் நிறைந்த ஈஸ்ட் ஹாமுக்கு அடுத்துள்ள அப்டன் பார்க்கில் குயின்ஸ் மார்க்கெட் என்றொரு சந்தை. அதை இடித்து 31 மாடிக் கோபுரம் உள்ளிட்ட அடுக்குமாடி வீடுகளோடு புதிதாகக் கட்டப் பார்த்தார்கள். கடைக்காரரும் வாங்குவோரும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். 2009இல் அப்போதைய லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன் அனுமதி மறுக்கும்படி உத்தரவிட்டார். விற்கிறவரோடு வாங்குகிறவரும் சேர்ந்தார்கள் என்பதை மட்டும் நாம் குறித்துக்கொள்ளலாம்.

இப்படி ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நானும் போயிருக்கிறேன். எந்த ஊர், யார் கூட்டியது என்பது வேண்டாம். காலை பதினொரு மணிக்கு வைத்திருந்தார்கள். அது சந்தை நேரம். விற்கிற யார் வருவார்கள்? அறிவிப்பு மலையாளத்தில் மட்டும். திரையில் வண்ணப் படம் காட்டினார்கள். படத்தில் மரங்கள் இருந்தன, காரிலிருந்து இறங்கும் குடும்பம் இருந்தது, தலையில் சும்மாடு வைத்த ஒருவரும் இல்லை. கேள்வி நேரத்தில் பேசியவர்கள் அனைவரும் வாகன நிறுத்தத்தைப் பற்றியே பேசினார்கள். வெளியே வந்து ஒரு மீன்கார அக்காவிடம், "உங்களுக்குச் சொன்னார்களா அக்கா?" என்று கேட்டேன். "எனக்கு யாரு சொன்னா மக்களே? இடிக்க வர்ற அன்னைக்குத் தெரியும்" என்றார்.

சந்தைக்குப் போகும் உரிமை நம் பகுதியில் லேசாக வந்ததல்ல. எங்களுக்கு அடுத்த வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1898இல் தம் மக்களோடு சந்தைக்கு நடந்து சென்றபோது, பாலராமபுரம் சாலியத் தெருவில் மறிக்கப்பட்டுப் பெரும் கைகலப்பு மூண்டது. சாலியர்கள் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வந்து குடியேற்றப்பட்ட நெசவாளர்கள் என்பதும் நமக்குத் தெரியும். கூடைக்காரியைக் கேட்காமல் கட்டும் சந்தையில் அவளை மறிக்கத் தடி தேவைப்படாது, முன்பணமே மறித்துவிடும்.

எனவே என் தாழ்மையான யோசனை இது. எங்கு சந்தைத் திட்டம் வந்தாலும், கூட்டத்தைச் சந்தைக்குள்ளேயே, விற்பனை முடிந்த நேரத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன், ஒரு வாரம் காலையும் மாலையும் யார் யார் எந்த இடத்தில் உட்காருகிறார்கள் என்று எழுதி எடுக்கச் சொல்ல வேண்டும். வாக்காளரா இல்லையா என்று பார்க்காமல் எழுத வேண்டும். வேலை நடக்கும் மாதங்களில் அவர்கள் எங்கே விற்பார்கள், முடிந்தபின் அதே இடம் கிடைக்குமா, வாடகை நாளுக்கா மாதத்துக்கா என்பவை எழுத்தில் வர வேண்டும்.

இதை யார் கேட்பது என்றால், நாம்தான். நமக்கு இங்கே வாக்கு இருக்கிறது. அந்த அக்காவுக்கு இல்லை. கிராமசபையில் நம் தமிழ்க் குடும்பத்தார் பலர் பின்வரிசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். மலையாளத்தில் பேசத் தயக்கம் என்கிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். குறை தீர்க்க வேண்டி அரசுக்குக் கொடுக்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 350ஆம் பிரிவு சொல்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையோர் அரசோடு தம் மொழியில் எழுதிக்கொள்ள இடம் தந்திருக்கிறது. நம் சங்கம் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு மனு மாதிரியை அச்சடித்துக் கிளைகளுக்கு அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மனுவில் மேடையின் உயரத்தையும் மறவாமல் சேர்க்க வேண்டும்.