வெறுங்காது



மரக்காணம் உப்பளத் தொழிலாளி ஒருவரின் தாயார், தென்மாவட்டத்தில் பிறந்தவர். சிறுமியாயிருந்தபோதே பாம்படம் அணியக் காது வளர்க்கப்பெற்றவர். பாம்படம் என்றோ விலைபோயிற்று. தோளைத் தொடும் வெறுங்காதே எஞ்சியது. பேத்தியின் திருமணத்திற்குமுன் அதை அறுத்துத் தைத்துக்கொள்ளும்படி வீட்டார் வற்புறுத்தினராம். "செய்துகொள்ளலாமா, சாமி?" என்று அம்மூதாட்டி வினவினார்.

பாவமன்று என்றேன். காதுமடலை ஒட்டும் முறைகள் பதினைந்தைச் சுசுருத சம்கிதையே கூறுகிறது. இன்று மடலை மட்டும் மரத்துப்போகச் செய்து தைப்பர். அன்றே வீடு திரும்பலாம். நீரிழிவு உள்ளவர்க்குப் புண் ஆறத் தாமதமாகும். சிலர்க்குத் தழும்பு தடித்து வளரும். இவற்றை மருத்துவரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும். மறுபடியும் துளையிட்டுத் தோடணியச் சில திங்கள் செல்லும். திருமணத்திற்கோ ஒரு திங்களே உள்ளது!

"உங்களுக்கு விருப்பமா, அம்மா?"

"நிழற்படத்தில் நான் நின்றால் பேத்திக்கு வெட்கமாம், சாமி."

பேத்தியை அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.