கணவர் விசாவில் டீச்சர் வேலை

கள்ளக்குறிச்சியில் பி.ஏ. ஆங்கிலமும் பிறகு பி.எட்.டும் முடித்துவிட்டு கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குத் திரும்பும் பெண்களின் வீடுகளில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. “வெளிநாட்டு மாப்பிள்ளையா பாருங்க. இங்கிலீஷ் படிச்ச பொண்ணு, அங்கே பார்ட் டைம் டீச்சரா சேர்ந்துக்கலாம், புள்ளைங்களையும் பார்த்துக்கலாம்.” தரகர் சொல்கிறார், சொந்தக்காரர் சொல்கிறார், யூடியூபிலும் சொல்கிறார்கள். இந்த மலைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதால் என்னிடமும் வந்து கேட்கிறார்கள். அந்தப் பேச்சில் பெரும்பகுதி தவறு. அதை நம்பிக் கல்யாணமும் கடனும் முடிவாவதால் எழுதியே ஆக வேண்டியிருக்கிறது.

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தால் வேலை கிடைத்துவிடும் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க இ-2 என்ற விசா வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே அது பொதுவாகக் கிடைக்கும். 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தம் நம்மவர்களுக்கும் ஒரு சிறு வாசலைத் திறந்தது. அதிலும் பட்டத்தோடு ஆசிரியர் தகுதி கேட்கிறார்கள். இங்கிலாந்து 2023-இல் இந்திய ஆசிரியர்களுக்கும் அந்நாட்டு ஆசிரியர் தகுதிக்கு விண்ணப்பிக்க வழிவிட்டது. ஆனால் அது கணிதம், அறிவியல், பிறமொழி கற்பிப்பவர்களுக்குத்தான். ஆங்கில ஆசிரியர் அந்தப் பட்டியலில் இல்லை. கணக்கு டீச்சருக்கு அங்கே இருக்கும் வழி நம் இங்கிலீஷ் டீச்சருக்கு இல்லை என்பதை எந்தத் தரகரும் சொல்வதில்லை.

அடுத்தது, கணவருக்கு விசா இருந்தால் மனைவிக்கும் வேலை செய்ய உரிமை உண்டு என்ற நம்பிக்கை. பிரிட்டனில் திறன்பணி விசாவில் இருப்பவரின் மனைவி வேலை பார்க்கத் தடையில்லை. அதை வைத்து எல்லா நாட்டையும் அளக்கிறார்கள். ஜப்பானில் குடும்ப விசாவில் போகிறவர் குடியேற்ற அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். வாங்கினாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வரம்பு. சிங்கப்பூரில் முன்பு மனைவிக்கு ஓர் ஒப்புதல் கடிதமே போதுமானதாக இருந்தது. 2021 மே 1 முதல் பெரும்பாலோர் தம் பெயரிலேயே வேலை அனுமதி பெற வேண்டும். அமெரிக்காவில் எச்-4 விசாவில் இருக்கும் மனைவிக்கு, கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டினால்தான் வேலை அனுமதி கிடைக்கும். அந்த வழியே 2015-இல்தான் வந்தது. அந்த அனுமதி கைக்கு வரும்வரை சம்பளத்துக்கு ஒரு மணி நேரம்கூடப் பாடம் எடுக்க முடியாது.

“வீட்டுக்குள்ளே ட்யூஷன் எடுத்தா யாருக்குத் தெரியப் போவுது?” என்கிறார்கள். துபாயிலும் அபுதாபியிலும் நம் பெண்கள் பலர் இப்படித்தான் தொடங்கினார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2023 டிசம்பரில் தனிப்பாடம் எடுப்பவர்களுக்கென்றே ஓர் அனுமதி கொண்டுவந்தது. கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு செல்லும், வேலையில் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். இது உண்மையிலேயே நல்ல வழி, கேட்கிறவர்களுக்கு நானே சொல்கிறேன். இப்படி ஒரு வழி இருக்கும்போது அனுமதியில்லாமல் ஒளித்து நடத்தி, மாட்டிக்கொண்டு, கணவரின் வேலைக்கும் சேர்த்து ஆபத்தை இழுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது “புள்ளைங்களையும் பார்த்துக்கலாம்” என்ற வாக்குறுதி. பகுதி நேர ஆங்கில வகுப்பு எப்போது நடக்கிறது? படிக்கிற பிள்ளைகள் பள்ளி விட்டு வந்த பிறகு, வேலைக்குப் போகிறவர்கள் அலுவலகம் முடித்த பிறகு. அதாவது பிற்பகல் மூன்று மணியிலிருந்து இரவு எட்டு ஒன்பது வரை, அப்புறம் சனிக்கிழமை. சொந்தப் பிள்ளை பையோடு வீட்டுக்கு வந்து நிற்கும் நேரமும் அதுவேதான். காலை முழுக்க ஓய்வாக இருக்கும் தாய், பிள்ளை வரும்போது ஊரார் பிள்ளைக்குப் பாடம் சொல்லக் கிளம்ப வேண்டும். இங்கே கல்வராயன் மலையில் தாய் தகப்பன் எஸ்டேட் வேலைக்கும் கட்டட வேலைக்கும் இறங்கிப் போனால் பிள்ளை பாட்டியிடம் இருக்கும், இல்லையென்றால் உண்டு உறைவிடப் பள்ளியில் இருக்கும். அந்தப் பிள்ளைகளின் முகத்தைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு அதன் வலி தெரியும். வெளிநாட்டில் அந்தப் பாட்டியும் இல்லை. காப்பகத்தில் விடலாம்தான், அதற்குக் கொடுக்கும் பணத்தைச் சம்பளத்தில் கழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

ஆன்லைனில் எடுக்கலாமே என்பவர்களுக்கும் பதில் உண்டு. நேர வித்தியாசம் சில இடங்களில் கைகொடுக்கும்: ஜப்பானில் மாலை ஆறு மணி என்றால் துபாயில் பிற்பகல் ஒரு மணி. ஆனால் அந்தச் சந்தை நிலையானதல்ல. 2021 ஜூலையில் சீன அரசு தனிப்பயிற்சி நிறுவனங்களுக்குக் கடிவாளம் போட்டு, வெளிநாட்டிலிருந்து ஆசிரியர்களை அமர்த்துவதையும் தடுத்ததும் ஏராளமானோரின் வேலை போனது. வீட்டு மேசையிலிருந்து எடுத்தாலும், பல நாடுகளின் விசா விதிகளில் அதுவும் வேலைதான்.

இப்படி எங்கோ ஒரு விதி தடுத்து வேலை கிடைக்காமல் போகும்போது, “மலையில படிச்சவ, தமிழ் மீடியம், உச்சரிப்பு வராது” என்று பழி பெண்ணின் மேல் விழுகிறது. இதை நான் ஏற்கவே மாட்டேன். தாய்மொழியாகப் பேசுபவரே நல்ல ஆசிரியர் என்ற எண்ணம் பொய் என்று மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992-இலேயே வாதிட்டார். யாழ்ப்பாணத்துத் தமிழரான சுரேஷ் கனகராஜா இதைப் பற்றி விரிவாக எழுதி, உலகறிந்த ஆங்கிலக் கல்வி ஆய்வாளரானார். இலங்கையைச் சேர்ந்த ஜார்ஜ் பிரெய்ன், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஆசிரியர்களுக்கென 1998-இல் அமெரிக்காவில் ஓர் அமைப்பு உருவாகக் காரணமாக இருந்தார். வேறொரு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன பாதையை நடந்து பார்த்தவருக்கு, மாணவன் எங்கே தடுமாறுவான் என்பது தெரியும். அந்தத் தகுதி வெள்ளிமலைப் பெண்ணுக்கு நிறையவே உண்டு.

ஆகவே போக விரும்பும் பெண், தன் பெயரில் வேலை அனுமதியோடு முழுநேர ஆசிரியராகப் போவதையும் யோசிக்கலாம். மாலத்தீவுப் பள்ளிகளில் தமிழ்நாட்டு, கேரள ஆசிரியர்கள் பல காலமாக அப்படித்தான் பணிபுரிகிறார்கள். குடும்பத்தை அழைத்துப்போக முடியுமா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது என்பது சட்டம். அதற்கு மேல் கேட்பவரிடம் பேச்சை முடித்துக்கொண்டு, 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடமும் அவருடைய விசா எந்த வகை, அதில் மனைவி வேலை செய்யலாமா என்று நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கேளுங்கள்.