சேர்ந்து சிரித்ததை எப்படிக் கண்டிப்போம்?

 

‘முஸ்லிம் குடும்பத்தின் கதைதானே, வீட்டோடு அமர்ந்து பார்த்தால் என்ன?’ என்று ‘ராமி’ என்னும் அமெரிக்க நகைச்சுவைத் தொடரைக் குறித்துக் கேட்போர் நம்மில் உண்டு. கூடாது என்பதே நம் விடை. ஏன் என்று விளக்கும் கடமையும் நமக்கு உண்டு.

2019இல் ஹுலு தளத்தில் தொடங்கிய இத்தொடர், 2022 வரை மூன்று பருவங்களாக வெளிவந்தது. நியூ ஜெர்சியில் வாழும் எகிப்திய வம்சாவளி இளைஞன் அதன் நாயகன். அவன் பள்ளிவாசலுக்குச் செல்கிறான், உளூச் செய்கிறான், தொழுகிறான். ரமலானில் நோன்பும் வைக்கிறான். அதே மாதத்தில் மணமான ஒரு பெண்ணுடன் தகாத உறவிலும் வீழ்கிறான். தொடரை உருவாக்கி நடித்த ராமி யூசுஃப், 2020இல் கோல்டன் குளோப் விருது பெற்றார். முஸ்லிம் என்றாலே துப்பாக்கியோடு காட்டிப் பழகிய திரையில், தொழுகின்ற ஒருவனைச் சாதாரண மனிதனாகக் காட்டியது என்று இதைப் புகழ்கின்றனர். அப்புகழில் உண்மை இருக்கிறது. பாவம் செய்து, வருந்தி, மீண்டும் சறுக்குபவனின் மனச்சான்றை அது நேர்மையாகவே தொடுகிறது.

எனினும் அது பெரியவர்களுக்கென ஆக்கப்பட்டது. அமெரிக்காவில் 1997 முதல் வழக்கிலுள்ள தொலைக்காட்சித் தரக்குறியீடுகளில் இதற்கு இடப்பட்டது ‘டிவி-எம்.ஏ.’. 17 வயதுக்கு உட்பட்டோருக்கு ஏற்றதாக இராது என்பது அதன் பொருள். அரசுத் தணிக்கைக் குழு எதுவும் அக்குறியீட்டை இடுவதில்லை, வெளியிடுவோரே இடுகின்றனர். இந்தியாவிலும் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், இணையத் தொடர்களை வயதுவாரியாக வகைப்படுத்தும் பொறுப்பை வெளியிடும் தளங்களிடமே விட்டுள்ளன. விற்பவனே ‘சிறுவருக்கு ஆகாது’ என்று எழுதி ஒட்டிய பொட்டலத்தை, அதன்மேல் பிறை வரைந்திருக்கிறது என்பதற்காக நம் பிள்ளையின் கையில் கொடுப்போமா?

‘காலம் மாறிவிட்டது, பிள்ளைகள் அறியாததா?’ என்பார்கள். அறிவது வேறு, தாய் தந்தையோடு சேர்ந்து சிரிப்பது வேறு. ஒரு சோகக் கதையில் வரும் பாவம் அச்சத்தை ஊட்டக்கூடும். நகைச்சுவையிலோ அதன் பாரம் சிரிப்பில் கரைந்துவிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் வெட்கத்தை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணினார்கள். அந்த வெட்கம் சண்டையிட்டுத் தோற்பதைவிட, சிரித்துச் சிரித்தே தேய்வதுதான் மிகுதி. இன்று சோபாவில் அமர்ந்து மகனோடு சேர்ந்து எதற்குச் சிரித்தோமோ, அதையே நாளை அவன் செய்யும்போது எந்த முகத்தோடு கண்டிப்போம்?

‘அத்தகைய காட்சி வந்தால் ஓட்டிவிடுவோம்’ என்பது மற்றொரு சமாதானம். தந்தையின் விரல் ரிமோட்டைத் தேடும் அந்த நொடியிலேயே, தனியாக எதைத் தேட வேண்டும் என்பதைப் பிள்ளை தெரிந்துகொள்கிறது. பிள்ளைகளை உறங்கவைத்துவிட்டுத் தாம் மட்டும் பார்க்கும் தந்தையரும் சிந்திக்கட்டும். பார்வையைத் தாழ்த்துமாறு பணிக்கும் அந்நூர் அத்தியாயத்தின் வசனங்கள் (24:30, 31) முதலில் ஆண்களைத்தான் விளிக்கின்றன. சிறுவருக்கு ஆகாது என்ற முத்திரை, பெரியவருக்கு ஹலால் என்ற சான்றிதழ் ஆகிவிடாது.

அதற்காகத் தொலைக்காட்சியைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. சிரிப்பு மார்க்கத்துக்குப் பகையன்று. கனடாவின் சி.பி.சி. தொலைக்காட்சியில் 2007 முதல் 2012 வரை 91 பகுதிகளாக ஒளிபரப்பான ‘லிட்டில் மாஸ்க் ஆன் தி ப்ரெய்ரி’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். ஸர்கா நவாஸ் என்னும் முஸ்லிம் பெண்மணி உருவாக்கியது. தேவாலயக் கூடமொன்றை வாடகைக்கு எடுத்துத் தொழும் சிற்றூர் ஜமாஅத்தின் கதை. அங்கு நகைக்கப்படுபவை பிடிவாதமும் வீண் சந்தேகமும். அதிலும் நாம் உடன்படாதவை உண்டு. ஆனால் அவற்றைப் பிள்ளைகளின் முகம் பார்த்தே பேச முடியும்.

ஆகவே, கதைமாந்தரின் பெயரும் தொப்பியும் ஹிஜாபும் நமக்கு அளவுகோல் ஆகா. தொடரைத் திறக்கும் முன் தரக்குறியீட்டைப் பாருங்கள், கதைச்சுருக்கத்தைப் படியுங்கள். பிறகு ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே நம்மைச் சிரிக்கவைப்பது எது? மனிதனின் அகந்தையா, அவன் இழந்த வெட்கமா? இரண்டாவதுதான் எனில், அத்தொடருக்கு எத்தனை விருதுகள் கிடைத்திருந்தாலும் நம் கூடத்தில் அதற்கு இடமில்லை.

நம் இல்லங்களின் சிரிப்பையும் வெட்கத்தையும் ஒருசேரக் காத்திட வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!