தண்டனை முடிந்த பின்னும் தண்டனையா?

ஆழ்வார்குறிச்சி டீக்கடையில் நமது கிளைத் தோழர்களிடம் ஒரு பெரியவர் கேட்டார்: “ஏன் தோழர், திருச்சி முகாமில் அடைத்து வைத்திருக்கிறவர்களுக்காகப் பேசுகிறீர்களாமே! குற்றம் செய்தவனுக்கு, அதுவும் வெளிநாட்டானுக்கு, இங்கே என்ன உரிமை? நம் பிள்ளைகளுக்கே வேலை இல்லையே!”

அவர் நல்ல மனிதர். நெல் விளைவித்துப் பிழைப்பவர். அவர் கேட்ட கேள்வியைத்தான் பெரிய பெரிய கனவான்களும் கேட்கிறார்கள். ஆகவே அண்ணாச்சிக்குப் பதில் சொல்வது நமது கடமை.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம்.

ஓர் இலங்கைத் தமிழர். 2015-ல் கைது செய்யப்பட்டார். 2018-ல் கீழ்க்கோர்ட்டு பத்தாண்டு தண்டனை விதித்தது. 2022-ல் சென்னை ஐகோர்ட்டு அதை ஏழாண்டாகக் குறைத்தது. தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டுப் போக வேண்டும், அது வரை முகாமில் இருக்க வேண்டும் என்றது. தண்டனை முடிந்தது. ஆனால் அடைப்பு முடியவில்லை. மனைவி மக்கள் இங்கே இருக்கிறார்கள், ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2025 மே 19 அன்று மனு தள்ளுபடி ஆயிற்று. இந்தியா தர்மசாலை அல்ல என்று கோர்ட்டில் சொல்லப்பட்டது. ஆபத்து என்றால் வேறு நாட்டுக்குப் போகலாமே என்றும் சொல்லப்பட்டது.

எந்த நாட்டுக்கு? தண்டனை பெற்றவனின் காகிதத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும் நாடு எது? அந்த நாட்டின் பெயரை யாராவது சொல்லட்டும்!

சிறைக்குள் ஒரு முகாம்

திருச்சி சிறப்பு முகாம் எங்கே இருக்கிறது? மத்திய சிறை வளாகத்திலேயே இருக்கிறது. ஜாமீன் பெற்றவனும் அங்கேதான். தண்டனையைக் கழித்தவனும் அங்கேதான். உழைத்துச் சம்பாதிக்க வழியில்லை. குடும்பத்தோடு வாழ வழியில்லை. சிறையிலாவது விடுதலைத் தேதி என்று ஒன்று உண்டு. இந்த முகாமில் அதுவும் இல்லை.

ராஜீவ் காந்தி கொலை வழக்கை எடுத்துக்கொள்வோம். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த அந்தப் படுகொலையை நாம் ஒருநாளும் நியாயப்படுத்தியதில்லை, நியாயப்படுத்தவும் மாட்டோம். 2022 நவம்பர் 11-ல் சுப்ரீம் கோர்ட்டே எஞ்சிய ஆறு பேரை விடுதலை செய்தது. அவர்களில் இலங்கையைச் சேர்ந்த நால்வர் எங்கே போனார்கள்? சிறை வாசலிலிருந்து சிறப்பு முகாம் வாசலுக்குப் போனார்கள்! தாயைப் பார்க்க ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்த சாந்தன், 2024 பிப்ரவரி 28-ல் சென்னை ஆஸ்பத்திரியில் மாண்டார். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது அவருடைய உடல்தான். மற்ற மூவரை 2024 ஏப்ரல் 3-ல் அனுப்பி வைத்தார்கள்.

இங்கே இருக்கவும் விடவில்லை. போகிறேன் என்றவரை உயிரோடு அனுப்பவும் இல்லை. இதற்குப் பெயர் நாட்டின் பாதுகாப்பா?

ரேகைச் சட்டத்தை மறந்தோமா?

அண்ணாச்சி, இது நமக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டு வந்தான். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தென்மாவட்டங்களில் கள்ளரும் மறவரும் கைரேகை பதித்தார்கள். ஊரை விட்டுப் போகச் சீட்டு. இரவில் வெளியே போனாலும் சீட்டு. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-ல் சுட்டுக் கொன்றார்கள். போராடிப் போராடித்தான் 1947-ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

அன்றைக்குச் சர்க்கார் என்ன சொன்னது? “இவர்கள் குற்றவாளிகள், இவர்களை நம்ப முடியாது.” இன்றைக்கும் அதே வசனம்தான். ஆள் மாறியிருக்கிறான், சீட்டு மாறவில்லை.

நம் பாட்டன்மார் போன வழி

“வெளிநாட்டான்” என்கிறோமே, யார் இந்த வெளிநாட்டான்? நெல்லைச் சீமையிலிருந்து எத்தனை குடும்பங்கள் தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போயின! தேயிலைச் செடியை வளர்த்து இங்கிலீஷ் கம்பெனிகளைக் கொழுக்க வைத்தார்கள். 1948-ல் இலங்கை அரசு அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. ஆடு மாடு பிரிப்பது போல மனிதரைப் பிரித்தார்கள்! 1983-க்குப் பிறகு அகதியாக வந்தவர்களில் அந்த மலையகத் தமிழரும் கணிசமாக உண்டு.

2021-ல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, சுமார் 317 கோடி ரூபாய்த் திட்டத்தையும் தமிழக அரசு அறிவித்தது. நல்லதை நல்லது என்றே சொல்வோம். ஆனால் வீடு கட்டிக் கொடுத்தால் போதுமா? 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைக்கு இடமில்லை. பட்டம் படித்த முகாம் பிள்ளை இன்றும் பெயிண்ட் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு கூலிக்கு அலைகிறான். ஒரு குற்றமும் செய்யாதவனுக்கே இந்தக் கதி. ஒருமுறை வழக்கில் சிக்கியவனின் கதியைச் சொல்லவா வேண்டும்?

நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயமா?

2013 டிசம்பர் 8-ல் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நம் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்தார், கலவரம் மூண்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களை, பெரும்பாலும் இந்தியர்களை, கோர்ட்டில் நிறுத்தாமலே நாடு கடத்தினார்கள். அன்றைக்கு நமக்கு வயிறு எரிந்ததா இல்லையா? சிங்கப்பூரில் அநீதியாக இருப்பது திருச்சியில் மட்டும் எப்படி நீதியாகும்?

வேலை விஷயத்துக்கு வருவோம். நம் பிள்ளைகளின் வேலையைப் பறித்தது யார்? முகாமில் அடைபட்டவனா? நிரந்தர வேலையை ஒழித்து ஒப்பந்தக் கூலியைக் கொண்டு வந்த முதலாளியா? உரிமை இல்லாத ஒருவன் இருக்கும் வரை, அவனைக் காட்டி உங்கள் கூலியையும் குறைப்பான் முதலாளி. அவனுக்கும் உரிமை கிடைத்தால் இரண்டு பேரும் சேர்ந்து கூலி கேட்கலாம்.

சட்டத்தையும் பார்ப்போம். எங்கும் குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கே என்கிறது 19-வது பிரிவு, அது உண்மை. ஆனால் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்புத் தரும் 21-வது பிரிவு குடிமகன் என்று சொல்லவில்லை. எந்த மனிதனும் என்கிறது. ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கக் கூடாது என்பது 20-வது பிரிவு. முகாம் அடைப்பு தண்டனையே அல்ல என்று வக்கீல்கள் வாதாடலாம். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவனிடம் கேளுங்கள், அது தண்டனையா இல்லையா என்று!

நாம் கேட்பது இதுதான்: சிறப்பு முகாம்களை மூடு! தண்டனை முடிந்தவர்களையும் ஜாமீன் பெற்றவர்களையும் குடும்பத்தோடு வாழ விடு! உழைத்துப் பிழைக்க அனுமதி கொடு! ஊர் திரும்ப விரும்புவோரைத் தாமதமின்றி அனுப்பு! உயிருக்கு அஞ்சுவோரைப் பலவந்தமாக அனுப்பாதே! குடியுரிமைச் சட்டத்தின் கதவை ஈழத் தமிழருக்கும் மலையகத் தமிழருக்கும் திற!

குற்றத்துக்குத் தண்டனை உண்டு. தண்டனைக்கு முடிவும் உண்டு. முடிவில்லாத தண்டனை நீதியாகாது. அண்ணாச்சி, ரேகைச் சட்டத்தை ஒழித்த மண் இது. இந்தச் சீட்டையும் கிழித்தெறிய நீங்களும் எங்களோடு வர வேண்டும்.