ஆங்கிலம் செவி வழியே வரட்டும்

பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகளுள் பலர், நேர்காணலில் தம்மைப் பற்றி நான்கு வாக்கியம் பேசச் சொன்னால் திகைத்து நிற்கின்றனர். மதிப்பெண்ணில் குறையில்லை, இலக்கண விதிகளும் மனப்பாடம். ஆயினும் நா எழவில்லை. திருமணத்தோடு படிப்பை நிறுத்திய நம் பெண்களின் நிலை இதனினும் கடினம். கணவரோடு துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ சென்ற பின், குழந்தைக்குக் காய்ச்சல் என்று மருத்துவரிடம் சொல்வதற்குக்கூட, அவர் பணி முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டியுள்ளது.

இதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. ஆங்கிலத்தை நாம் கண்ணால் மட்டுமே கற்றோம். காதுக்கு அதில் பங்கு தரவில்லை. தமிழில் எழுதினால் மேலங்கியும் ஆடும் ஒரே ‘கோட்’தான், ஆங்கிலக் காதுக்கு அவை இரு வேறு சொற்கள். ‘ஃபோட்டோகிராஃப்’ என்னும்போது முதல் அசையில் விழும் அழுத்தம், ‘ஃபோட்டோகிராஃபர்’ என்னும்போது இரண்டாம் அசைக்கு நகர்கிறது. இவற்றைக் கேட்டுத்தான் அறிய முடியும்.

கேட்பதற்கு வானொலிக் காலத்திலேயே வழி கண்டனர். 1959 அக்டோபரில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா தொடங்கிய ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ ஒலிபரப்பு, ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள், குறுகிய வாக்கியங்களில், நிதானமான வேகத்தில் செய்தி சொன்னது. அம்மரபே இன்று பாட்காஸ்ட் என்னும் வலையொலியாகக் கைப்பேசிக்கு வந்திருக்கிறது. பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ நிகழ்ச்சியில் இருவர் ஒரு பொருள் பற்றி உரையாடுவர். தொடக்கத்தில் ஒரு வினா, இறுதியில் அதன் விடை, இடையில் சில புதிய சொற்கள். உரையாடலின் எழுத்து வடிவமும் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சற்றுத் தேறியவர்கள், ஆங்கில ஆசிரியர் லூக் தாம்ப்சன் 2009இல் தொடங்கிய ‘லூக்ஸ் இங்கிலீஷ் பாட்காஸ்ட்’டைக் கேட்கலாம்.

பிள்ளைகள் கையில் கைப்பேசி கொடுக்க அஞ்சும் பெற்றோருக்கு ஒரு சொல்: வலையொலிக்குத் திரை தேவையில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உலை கொதிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் கேட்கலாம்.

நமக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. மக்ரஜ் பேணிக் குர்ஆன் ஓதப் பழகிய நாவுக்கு, தமிழ் எழுத்தில் இல்லாத பல ஒலிகள் முன்பே பழக்கம். ‘திங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி, மூன்று புள்ளியிட்ட ‘ஸா’வின் ஒலியே, ‘திஸ்’ என்பதன் முதல் ஒலி, புள்ளியிட்ட ‘தால்’. அவற்றை நாம் புத்தகம் பார்த்துக் கற்கவில்லை. உஸ்தாது ஓதினார், கேட்டுத் திருப்பி ஓதினோம், பிழை வந்த இடத்திலேயே அவர் திருத்தினார்.

வலையொலியில் இல்லாதது அந்தத் திருத்தம்தான். வெறுமனே கேட்பவர் புரிந்துகொள்ளப் பழகுவார், பேசப் பழகமாட்டார். எனவே ஒரே பகுதியை மூன்று முறை கேளுங்கள்: முதலில் எழுத்தைப் பாராமல், அடுத்து எழுத்தைப் பார்த்து, மூன்றாவதாக, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி உரக்கத் திருப்பிச் சொல்லி. பின்னர், கேட்டதை வீட்டில் ஒருவரிடம் இரண்டு நிமிடம் ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள்.

அந்த ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதே என் கவலை. மனைவி ஒரு வாக்கியத்தைத் தவறாகச் சொன்னதும் கணவர் சிரிக்கிறார். உம்மாவின் உச்சரிப்பை, ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் மகன் கேலி செய்கிறான். ‘வெள்ளைக்காரி வந்துவிட்டாள்’ என்று தங்கையை அண்ணன் சீண்டுகிறான். பலருடைய ஆங்கிலம் அந்தச் சிரிப்போடு முடிந்துபோகிறது. தட்டுத்தடுமாறி ஓதுபவருக்கு இரு கூலி உண்டு என்று நம்பும் நாம், தட்டுத்தடுமாறிப் பேசுபவரிடம் சிறிது பொறுமை காட்டக் கூடாதா?

நம்மிடையே உள்ள ஆங்கில ஆசிரியைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ் பேசும் நா எங்கே தடுக்கும் என்பது லண்டனில் இருந்து பேசுபவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கைப்பேசியும் அமைதியான ஓர் அறையும் போதும். மருத்துவரிடம் பேசுதல், பிள்ளையின் ஆசிரியரைச் சந்தித்தல், வங்கியில் விவரம் கேட்டல் என வாரம் ஒரு பொருளை ஐந்து நிமிடத்தில் பதிவுசெய்து, மஹல்லாப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புங்கள். அவர்கள் தம் குரலில் பதில் அனுப்பட்டும். நீங்கள் திருத்திச் சொல்லுங்கள். வலையொலியில் இல்லாத அந்தத் திருத்தமும் அப்போது கிடைத்துவிடும், இன்ஷா அல்லாஹ்.